உடம்பும்தான் எழுகிறது

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவில், ரயில் மூச்சு வாங்கி ஏறுகிற இடத்தில் இருக்கிறது றொசல்ல. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் சாவு விழுந்தால், வாசலில் பந்தல் போட்டு முடியும் முன்பே யாராவது ஒருவர் அந்த ஆறுதலைச் சொல்லிவிடுவார். “அழாதீங்க. உடம்பு மண்ணுதானே. உயிரு ஆண்டவருகிட்டப் போயிருச்சு.” அன்போடு சொல்கிற வார்த்தை அது. சொல்கிறவரையும் கேட்கிறவரையும் தாங்கிப் பிடிக்கிற வார்த்தையும்கூட. ஆனால் அதே ஆள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வேறொன்றைச் சொல்கிறார். பாவமன்னிப்புக்கும் முடிவில்லாத வாழ்வுக்கும் நடுவில், இந்த உடம்பு மறுபடி எழும் என்று நம்புவதாகச் சொல்கிறார். உடம்பு மண்தான் என்றால், அது ஏன் எழ வேண்டும்? ஒரு வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் இதைச் சேர்ந்தே பார்ப்போம்.

உயிர்த்தெழுதல் என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனதில் வருவது இதுதான்: சாகும்போது உடம்பிலிருந்து உயிர் பிரிந்து மேலே போகிறது, அங்கே நிம்மதியாக இருக்கிறது, அத்தோடு சரி. கிறிஸ்தவர்கள் மட்டுமல்ல, கிறிஸ்தவத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் பாதி சரி. இறந்தவர்கள் கிறிஸ்துவோடு இருக்கிறார்கள் என்று திருச்சபை தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறது. ஆனால் அது இடைக்காலம். திருச்சபை எதிர்பார்த்துக் காத்திருக்கும் முடிவு அதற்குப் பிறகு வருவது: இறந்தவர்கள் உடம்போடு எழுவதும், இந்தப் பூமி புதிதாக்கப்படுவதும். பைபிளின் கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். மனிதர்கள் மேலே ஏறிப் போவதாக அங்கே இல்லை. கடவுளின் நகரம் கீழே இறங்கி வருகிறது.

உடம்பு கூண்டு, உயிர் அதில் அடைபட்ட பறவை என்ற எண்ணம் உலகில் பல இடங்களில் உண்டு. கிரேக்கத்தில் அதை மிக அழகாகச் சொன்னவர் பிளேட்டோ. கி.மு. 399இல் அவருடைய ஆசான் சோக்ரடீஸ் நஞ்சு குடிக்கும் நாளை அவர் எழுதிவைத்திருக்கிறார். சோக்ரடீஸ் கலங்கவே இல்லை. உடம்பிலிருந்து விடுதலை கிடைக்கப்போகிறது என்று நண்பர்களோடு பேசிக்கொண்டே கோப்பையை வாங்கிக் குடிக்கிறார். இப்போது இயேசுவைப் பாருங்கள். நண்பன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அழுகிறார். இன்னும் சிறிது நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுகிறார். தன் சாவுக்கு முந்திய இரவில் கெத்செமனே தோட்டத்தில் வியர்த்து நடுங்குகிறார். சோக்ரடீசுக்கு மரணம் கதவு திறந்துவிடுகிற நண்பன். இயேசுவுக்கு அது எதிரி. அப்போஸ்தலர் பவுலும் அதைக் கடைசி எதிரி என்றே எழுதுகிறார்.

இதனால் நம் அன்றாடத்தில் முதலில் மாறுகிற இடம் சாவு வீடு. உடம்பு வெறும் கூண்டு என்றால் அழுவதற்குக் காரணமில்லை. ஆனால் அந்தக் கையும் காலும் முகமும் கடவுள் விரும்பிப் படைத்தவை, அவர் திரும்பக் கேட்கப்போகிறவை என்றால், அவற்றை இழப்பது உண்மையான இழப்பு. ஒப்பாரி வைக்கிற அம்மாவைப் பார்த்து, “விசுவாசம் இல்லையா, அழாதே” என்று சொல்லும் உபதேசியார்கள் சிலர் இருக்கிறார்கள். நான் அவர்களோடு உடன்படவில்லை. லாசருவுக்காக அழுத இயேசுவிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அழட்டும். அழுதபடியே நம்பட்டும்.

லாசருவைப் பற்றிப் பேசும்போதே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். லாசரு எழுந்தது வேறு, இயேசு எழுந்தது வேறு. லாசரு பழைய வாழ்க்கைக்கே திரும்பி வந்தான். பிறகு ஒருநாள் மறுபடியும் சாக வேண்டியிருந்தது. இயேசு சாவைக் கடந்து அந்தப் பக்கம் போனவர். இனி அவரைச் சாவு தொடாது. கிறிஸ்தவர்கள் நம்பிக்கை வைப்பது இந்த இரண்டாவதில்.

இயேசு எழுந்த ஞாயிறு காலையிலும் அதன் பிறகும் நடந்ததாக நற்செய்திகள் சொல்வதை மெதுவாகப் படித்தால், எல்லாமே உடம்பைச் சுற்றித்தான் நடக்கிறது. விடிவதற்கு முன் பெண்கள் புறப்படுகிறார்கள். இருட்டில் எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிற பெண்களுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரியும். அந்தப் பெண்கள் தரிசனம் தேடிப் போகவில்லை. இறந்த உடம்புக்கு வாசனைப் பொருள் பூசுகிற வேலையை முடிக்கப் போனார்கள். அவர்களில் மகதலா மரியா அவரைக் கண்டபோது, அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற ஆள் என்றே நினைத்தார். யோவான் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். சீஷர்கள் ஆவி என்று பயந்தபோது, அவர் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பொரித்த மீன் கொடுத்தார்கள், அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். திபேரியாக் கடற்கரையில் இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்தவர்களுக்குக் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் தயாராக வைத்திருந்தார். உலகத்தையே வென்றவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, வேலைக்குப் போய்வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு சமைத்தது.

சரி, எப்படிப்பட்ட உடம்பு அது? இந்தக் கேள்வியைக் கொரிந்து நகரத்தார் ஏறத்தாழ கி.பி. 55இலேயே கேட்டுவிட்டார்கள். கொரிந்து ஒரு துறைமுகப் பட்டணம். அங்கிருந்த சபையில் அடிமைகளும் கூலி வேலை செய்தவர்களும் இருந்தார்கள். பவுல் அவர்களுக்கு எழுதிய முதலாம் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி இந்தக் கேள்விக்குத்தான் பதில். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் விதை. அதை நம் மலைக்கு ஏற்றபடி இப்படிப் புரிந்துகொள்ளலாம். இங்கே வீ.பீ. தேயிலை என்கிறோமே, அது தாய்ச் செடியின் கொப்பில் ஒரு இலையோடு துண்டை வெட்டி, நாற்று மேடையில் வைத்து வளர்ப்பது. தாய் எப்படியோ பிள்ளையும் அப்படியே. பழைய மலைகளில் நிற்பது விதை போட்டு வளர்த்த தேயிலை. அந்த உருண்டைக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பார்த்தாலும், அதில் இலையும் தெரியாது, கொழுந்தும் தெரியாது. ஆனால் அந்தக் கொட்டை இல்லாமல் அந்தச் செடி இல்லை. பவுல் சொல்வது இந்த விதை வகை. எழும் உடம்பு இந்த உடம்பின் அச்சுப் பிரதியாக இருக்காது. அதற்காக இதோடு தொடர்பே இல்லாத வேறொன்றாகவும் இருக்காது. புதைக்கப்பட்ட இதுவே, நாம் ஊகிக்க முடியாத முழுமையோடு வருகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். மலையகத்தில் அதைக் கேட்காதவர்கள் குறைவு. உடம்பே கிடைக்காதவர்களுக்கு என்ன? 2014 அக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. மண்ணுக்கடியிலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் வந்த புயல் மழையிலும் மலைநாடு அதே துயரத்தை மறுபடி கண்டது. இந்தக் கேள்வியைத் திருச்சபை பழங்காலத்திலேயே எதிர்கொண்டிருக்கிறது. மிருகங்களுக்கு இரையானவர்கள், நெருப்பில் எரிந்தவர்கள், கடலில் மூழ்கியவர்கள் எப்படி எழுவார்கள் என்று கேட்டவர்களுக்கு, அகுஸ்தீன் தம்முடைய ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில் பொறுமையாகப் பதில் சொல்கிறார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சிதறியதைச் சேர்ப்பது முடியாத காரியமல்ல என்பதே அதன் சாரம். எலும்பைப் பத்திரப்படுத்தி வைத்தால்தான் எழ முடியும் என்பதல்ல இந்த நம்பிக்கை. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்தை அனுமதித்ததும் இதனால்தான். எரிக்கப்பட்டவர்களும் எழுவார்கள், மண்சரிவில் மறைந்தவர்களும் எழுவார்கள். கடவுளுக்கு அவர்கள் இருக்குமிடம் தெரியும்.

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல் கட்டியது. அதன் வளவில் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் கல்லறைகள் இருக்கின்றன, பேரும் வருடமும் செதுக்கிய கற்களோடு. அதைச் சுற்றியுள்ள மலைகளில் காடு வெட்டியவர்களும், தேயிலை நட்டவர்களும், கொழுந்து எடுத்தவர்களும் பேர் இல்லாத மண்மேடுகளில் கிடக்கிறார்கள். பல இடங்களில் அந்த மேடுகள்கூட இன்று தேயிலைக்குள் போய்விட்டன. உடம்பின் உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையின் கூர்மை இங்கேதான் எனக்குப் புரிகிறது. செதுக்கிய பேருக்கும் செதுக்காத பேருக்கும் அங்கே வித்தியாசம் இல்லை. கல் இல்லாதவர்களும் பேர் சொல்லி அழைக்கப்படுவார்கள்.

இன்னும் ஒரு படி போவோம். எழுந்த இயேசுவின் உடம்பில் காயங்கள் இருந்தன. இதைப் பலர் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள். புதிய உடம்பு, சாவில்லாத உடம்பு, ஆனால் கையில் ஆணித் தழும்பு, விலாவில் ஈட்டித் தழும்பு. சென்னை பரங்கிமலையோடு மரபு சேர்த்துச் சொல்லும் சீஷர் தோமா, அந்தத் தழும்பைப் பார்த்துத்தான் நம்பினார். கடவுள் நினைத்திருந்தால் அவற்றை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. நடந்த கொடுமை நடக்காததுபோல் துடைக்கப்படவில்லை. அது இனி வலிக்காது, கொல்லாது. ஆனால் அடையாளமாக நிற்கிறது.

மலையக மக்கள் இதை நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். “பழையதை மறந்துவிடு, மன்னித்துவிடு” என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நமக்குச் சொல்வார்கள். தென்னிந்தியாவிலிருந்து 1823இல் கோப்பித் தோட்டத்துக்கு முதல் கூட்டம் வந்ததிலிருந்து, மன்னார் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேற, தங்கை இங்கே நின்றாள். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இவை தழும்புகள். மன்னிக்கலாம், ஆனால் அதற்காக மறக்கத் தேவையில்லை. உயிர்த்தெழுந்தவரே தம் தழும்பை மறைக்கவில்லை.

2023இல், 200 ஆண்டு நிறைவில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய வழியை மக்கள் நடந்தே கடந்தார்கள். இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதில் முன்னின்றது. இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் கூட நடந்தார்கள். வழியில் இறந்தவர்களை நினைத்து, இருப்பவர்களின் உரிமைக்காக நடந்த நடை அது. உயிர்த்தெழுதல் நம்பிக்கை காலில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்த நடையைத்தான் நான் காட்டுவேன்.

தழும்பைப் பற்றிப் பேசும்போது 2019 ஏப்ரல் 21ஐ விட முடியாது. அன்று உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஆராதனைக்கு வந்தவர்களும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த இயேசுவின் சொரூபத்தில் இரத்தம் தெறித்திருந்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு முன் உயிர்த்த இயேசு என்றால் வெள்ளை அங்கியும் ஒளியும்தான் நம் மனதில் இருந்தன. அந்தச் சொரூபம் தோமா பார்த்ததை நமக்கும் காட்டியது.

இப்போது, ஆரம்பத்தில் பார்த்த அந்தத் தவறான புரிதல் எப்படியெல்லாம் பயன்பட்டது என்பதையும் பேச வேண்டும். உயிர்தான் முக்கியம், உடம்பு மண் என்று சொல்லிவிட்டால், அந்த உடம்பை வேலைவாங்குகிறவருக்கு வசதி. இங்கே பொறுத்துக்கொள், மேலே போனால் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். மலைநாட்டுத் தோட்டங்களில் அங்கிலிக்கன் ஊழியம் 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற பேரில் தொடங்கியது. கோப்பித் தோட்டத் துரைமார் பணம் கொடுத்தார்கள், திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பேர் ‘தமிழ்ச் சபை மிஷன்’ என்று மாறியது. அந்த உபதேசியார்கள் மலை மலையாக நடந்து எழுத்தும் படிப்பும் கொண்டுவந்தார்கள். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனால் துரையின் பணத்தில் நடக்கும் பிரசங்கம், துரை கொடுக்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது எளிதாக இருந்திருக்காது.

அப்படிப் பேசியவர்கள் பிறகு வந்தார்கள். இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வேலைசெய்த இடம் அது. அடுத்த ஆண்டுகளில் தோட்டங்களில் பஞ்சம் வந்து பட்டினிச் சாவுகள் நடந்தன. 2017இல் கண்மூடும்வரை தோட்ட மக்களின் கூலி, குடியுரிமை, குடியிருப்பு ஆகியவற்றைத் தம் குருத்துவப் பணியின் ஒரு பகுதியாகவே அவர் பார்த்தார். உடம்பு எழும் என்று நம்புகிறவருக்கு, அந்த உடம்பு பட்டினி கிடப்பது ஆன்மிகப் பிரச்சினைதான். இதில் அரசியல் எங்கே தொடங்கி ஆன்மிகம் எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாது.

தோட்டத்தில் ஒரு நாளின் கணக்கைப் பாருங்கள். பல தோட்டங்களில் 18 கிலோ கொழுந்து நிறுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழையில் அட்டை கடிக்க, இடுப்பில் படங்கு கட்டி, சரிவில் நாள் முழுக்க நின்ற உடம்பு, தராசு முள் சொல்வதற்கேற்ப முழுதாகவோ பாதியாகவோ கணக்கில் ஏறுகிறது. நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று பல ஆண்டுகள் கேட்டும், அது வர்த்தமானியில் வந்தது 2021இல்தான். அதற்குள் விலைவாசி ஏறி, அந்த 1,000 கரையத் தொடங்கியிருந்தது. அரைப்பேர் போட்டுவிட்டு வீட்டுக்கு வரும் பெண்ணைக் கடவுள் பாதியாகப் பார்ப்பதில்லை. இந்த நம்பிக்கையின்படி அவள் முதுகையும் விரலையும் அவர் முழுதாகத் திரும்பக் கேட்பார். அப்படியானால் அந்த முதுகைப் பற்றி இப்போதே அக்கறைப்படுவது சபையின் வேலையாகிறது.

பவுல் இதை எப்படி முடித்தார் என்று பாருங்கள். 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதலைப் பற்றி வானளாவ எழுதிவிட்டு, உங்கள் உழைப்பு வீண்போகாது என்ற பொருளில் முடிக்கிறார். உடனே அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில் பணத்துக்கு வந்துவிடுகிறார். எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்காக, வாரத்தின் முதல் நாளில், அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி எடுத்துவையுங்கள் என்கிறார். வாரத்தின் முதல் நாள் என்பது இயேசு எழுந்த நாள். அவருக்கு இரண்டும் ஒரே பேச்சு.

பழைய சபை அப்படித்தான் வாழ்ந்தது. கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசன் ஜூலியன், 362ஐ ஒட்டி எழுதிய ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறான்: இவர்கள் அந்நியரிடம் காட்டும் அன்பும், இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறையும்தான் இவர்களை வளர்த்துவிட்டன என்று. எதிரி கொடுத்த சாட்சி என்பதால் அதை நம்பலாம். நம் தோட்டங்களிலும் அந்த நல்ல பழக்கம் இருக்கிறது. மரணாதார சங்கத்துக்குச் சந்தா கட்டும்போது யாரும் மதம் கேட்பதில்லை. சாவு வீட்டுக்கு விறகும் அரிசியும் கொண்டுவருகிறவர் முருகன் கோயில் தர்மகர்த்தாவாக இருக்கலாம். கிறிஸ்தவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு.

ஆக, உயிர்த்தெழுதலை நம்புவது என்பது ஆண்டில் ஒரு ஞாயிறோடு முடிகிற காரியம் அல்ல. ஈஸ்டர் வரும் காலத்தில் மழையும் தொடங்கியிருக்கும், கொழுந்தும் கூடியிருக்கும், பெண்களின் கைகளுக்கு ஓய்வே இருக்காது. திருச்சபையின் நாட்காட்டியில் அந்த ஞாயிறிலிருந்து பெந்தெகொஸ்தேவரை 50 நாட்கள் உயிர்த்தெழுதலின் காலம். தவக்காலத்து 40 நாட்களில் எதை விட்டுவிடுவது என்று கவனமாக யோசிக்கிறோம். இந்த 50 நாட்களில் எதைத் தொடங்குவது என்று நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். இந்த 50 நாட்களுக்குள் உங்கள் சபையார் ஒரு மாலை ஒன்றுகூடி, தோட்டத்துக் கல்லறைகளில் புல் வெட்டுங்கள். கிழவர்களையும் கிழவிகளையும் கூட்டிப்போய், எந்த மேட்டில் யார் என்று கேட்டு, பேர்களை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். இந்துவின் மேடு, கிறிஸ்தவரின் மேடு என்று பிரிக்காதீர்கள். பிறகு லயத்துக்குத் திரும்பி, கூரை ஒழுகுகிற காம்பரா எது, படுக்கையில் கிடக்கிறவர் யார், மாதக்கணக்கில் வைத்தியசாலைக்குப் போகாத கர்ப்பிணி யார் என்றும் அதே கொப்பியில் எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையை எண்ணும்போது அந்தக் கொப்பியையும் மேசையில் வையுங்கள்.